இருபத்திரண்டுக்கு அடுத்து இருபத்திநாலு

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி 8ஆம் நம்பர் போன் செய்தான். எங்கள் வகுப்பில் ஒவ்வொருவனுக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று, அட்டெண்டன்ஸ் பதிவேட்டில் விழுந்த நம்பர் ஒன்று. 1981இல் திருச்சி ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியலில் சேர்ந்த 46 பேர் நாங்கள். மூன்று வருஷம் காலையும் மதியமும் நம்பரைச் சொல்லியே கூப்பிட்டதில், நாற்பது வருஷம் தாண்டியும் ஒரு முகத்தை நினைத்தால் முதலில் நம்பர்தான் வருகிறது. இங்கேயும் நம்பர்களையே எழுதுகிறேன். பெயரைப் போடலாமா என்று அவர்கள் வீட்டாரிடம் நான் கேட்கவில்லை.

"டேய், கல்லறைத் திருநாள் வருது. அப்பாவுக்குப் பூசை வைக்க எழுதிக் குடுக்கப் போனேன். நம்ம செட்டுல போய்ச் சேந்தவனுங்க பேரையும் எழுதிடலாம்னு பேனாவ எடுத்தா, மூணு பேருக்கு மேல நிச்சயமாத் தெரியல. நீதான நம்ம கிளாஸ் ரெப்பு? லிஸ்ட் போட்டுக் குடு" என்றான்.

எனக்கும் நான்கு பேருக்கு மேல் தெரியவில்லை. போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

கத்தோலிக்க வீடுகளில் பழகியவர்களுக்குத் தெரியும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்பே கல்லறைகளில் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்றைக்கு மாலையும் மெழுகுவர்த்தியுமாகக் குடும்பம் குடும்பமாகப் போய் நிற்பார்கள். அந்த மாதம் முழுக்கவே இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் மாதம். வயதானவர்கள் இன்னும் ‘உத்தரிக்கிற ஆத்துமாக்கள்’ என்றுதான் சொல்கிறார்கள், மோட்சம் சேரும் முன் பாவம் தீரக் காத்திருப்பவர்கள் என்ற பொருளில். இந்த நாள் பிறந்த கதை எனக்குப் பிடித்த ஒன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் குளூனி என்ற துறவு மடத்தின் தலைவராக இருந்த ஓதிலோ, தம் மடங்களில் இறந்தவர்களுக்காக வேண்ட ஆண்டுக்கு ஒரு நாளை ஒதுக்கினார். அங்கிருந்துதான் அது உலகத் திருச்சபைக்குப் பரவியது. ஒரு கூரையின் கீழ் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து படித்தவர்களிடமிருந்து வந்த வழக்கம். அந்த வகையில் பார்த்தால் எங்கள் செட்டுக்கும் அது பொருந்தும்.

நான் கிறிஸ்தவன் அல்ல. லால்குடிப் பக்கத்துக் கிராமம், குலதெய்வம் கருப்பு. ஆனால் மூன்று வருஷம் லூர்து அன்னை ஆலயத்தின் கோபுர நிழலில் வளர்ந்தவன். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் மலைக்கோட்டை, ஒரு பக்கம் அந்தக் கூர்ங்கோபுரம், நடுவில் தெப்பக்குளம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எங்கள் கல்லூரி ஜோசப் காலேஜ். முகப்பிலும் சான்றிதழிலும் தூய வளனார் கல்லூரி. வளன் என்பது வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பருக்கு, அதாவது ஜோசப்புக்கு, வைத்த தமிழ்ப் பெயர். அவரும் ஒரு சேசு சபைத் துறவி. அவர் இத்தாலியிலிருந்து வந்து இங்கே ஆக்கிய ஒரு சொல், பின்னால் அவர் சபையார் நடத்திய கல்லூரிக்குப் பெயராகிவிட்டது. பெயரை வைத்தவரையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்தது. முதல் நூறு ஆண்டுகளில் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் அநேகமாக யாருமில்லை. அப்படியென்றால் ஜோசப் கல்லூரியின் முன்னாள் மாணவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் இறந்தவர்கள். அவர்களில் நாம் பெயர் சொல்லி நினைப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரை.

அந்தச் சிலரில் இருவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும்.

ஜி.என். ராமச்சந்திரன் 1942இல் இங்கே இயற்பியல் ஆனர்ஸ் முடித்தவர். பிறகு பெங்களூரில் சி.வி. ராமனிடம் போனார். முப்பதாவது வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கொலாஜன் என்ற புரதத்தின் கட்டமைப்பைக் கண்டுபிடித்தார். நம் தோலையும் எலும்பையும் தசைநாரையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கும் புரதம் அது. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிய கயிறு போல இருக்கும் என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னார். எக்ஸ்கதிர்ப் படத்துக்குத் தெளிவான மாதிரி கிடைக்காமல் அலைந்து, கடைசியில் கங்காருவின் வால் தசைநாரை வைத்துப் பார்த்தார்கள். 1963இல் அவர் தம் மாணவர்களோடு வரைந்த படம், புரதத்தின் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் முடியாது என்று காட்டுவது. இன்றைக்கும் உலகத்தில் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதக் கட்டமைப்பைத் தீர்மானித்தாலும், அது சரியா என்று பார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் இறந்தார். வேதியியல் படித்த நாங்கள் அவர் நம் கல்லூரிக்காரர் என்று தெரியாமலே டிகிரி முடித்தோம். எனக்கு அது இன்றும் வருத்தம்.

இன்னொருவரை எல்லோருக்கும் தெரியும். அப்துல் கலாம் 1950இல் இன்டர்மீடியட் படிக்க ராமேஸ்வரத்திலிருந்து வந்து, 1954இல் இயற்பியல் பட்டம் வாங்கிக்கொண்டு போனார். நான்கு வருஷமும் விடுதி வாசம். அறையில் கூட இருந்தவர்கள் ஶ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவர், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். மூன்றாவது வருஷம் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளர் கலாம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘களத்தில்’ என்ற பெயருள்ள ரெக்டர் அடிகளாரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, அவரவர் ஊர்ப் பலகாரமாகச் செய்துபோட்டிருக்கிறார்கள். விடுதிக் காப்பாளர் சிக்வேரா அடிகளார் தீபாவளியன்று அறை அறையாக நல்லெண்ணெய் கொடுத்தனுப்புவாராம், பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு. இதையெல்லாம் கலாமே தன் வரலாற்றில் எழுதிவைத்தார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். ராமேஸ்வரத்தில் பேக்கரும்பில் அடக்கம். ஏறத்தாழ அவர் படித்த அதே ஆண்டுகளில் அதே இயற்பியல் வகுப்புகளில் இருந்த எழுத்தாளர் சுஜாதா, அவருக்கு முன்பே, 2008 பிப்ரவரி 27 அன்று போய்விட்டார்.

அந்த நல்லெண்ணெய்க் கதையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கலாம் எழுதாமல் விட்டிருந்தால் அது அழிந்திருக்கும். ராமேஸ்வரத்தில் அவர் வீட்டாருக்கு அந்த அறை தெரியாது, அந்த மெஸ் தெரியாது. தும்பாவிலும் டெல்லியிலும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் தெரியாது. ஒரு மனிதனின் பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரையான வயது, பெற்றவர்கள் கையை விட்டுப் போய், பெண்டாட்டி பிள்ளை கைக்கு இன்னும் வராத வயது. அதைப் பார்த்தவர்கள் கூடப் படித்தவர்கள் மட்டுமே. எழுதிவைக்காதவர்களுக்கு நாங்கள்தான் புத்தகம்.

இது எனக்கு லிஸ்ட் போடத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது.

பழைய டைரி, கல்யாணப் பத்திரிகைகள், ஒருவன் மூலம் இன்னொருவன் என்று மூன்று வாரம் போன் செய்தேன். பாதி நம்பர்கள் இல்லாமல் போயிருந்தன. துவாக்குடியில் ஒருவன், ஓசூரில் ஒருவன், குவைத்தில் ஒருவன். "நீ இருக்கியாடா?" என்று கேட்டு அழுதவர்கள் உண்டு. 19 எங்களில் நல்ல உயரம், வாலிபால் ஆடுவான். அவன் வீட்டில் அண்ணன் போனை எடுத்தார். "மௌத்தாகி ஏழு வருஷம் ஆச்சு தம்பி. மாரடைப்பு. உங்க யாருக்கும் சொல்லணும்னு தோணல, நம்பரும் இல்ல" என்றார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கோயில் பூசையில் தம்பி பெயரை வாசிப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னார்: "அவனுக்காக யாரோ துஆ செய்றாங்கன்னா நான் எப்படித் தம்பி வேண்டாம்பேன்?"

இப்படியாக 11 பேர் சேர்ந்தார்கள். நான்கு இதயம், இரண்டு கொரோனா, ஒரு விபத்து, இரண்டு புற்றுநோய், ஒருவன் எப்படிப் போனான் என்று வீட்டார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதினோராவது 23.

23 பட்டம் வாங்கவில்லை. இரண்டாம் வருஷம், காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடத்துறையில் குளிக்க இறங்கியவன் திரும்பி ஏறவில்லை. மறுநாள் இரங்கல் கூட்டம், விடுமுறை. அதற்கடுத்த நாள் முதல் பீரியட். சார் பதிவேட்டைத் திறந்து எப்போதும் போல வேகமாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரண்டு, இருபத்திமூணு. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. யாரும் அசையவில்லை. ஃபேன் சத்தம் மட்டும். சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக "இருபத்திநாலு" என்றார். 24 எழுந்து நின்றான், வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம், ஒவ்வொரு நாளும், இருபத்திரண்டுக்கு அடுத்து இருபத்திநாலு. அந்த இடத்தில் ஒவ்வொரு சாருக்கும் குரல் லேசாகத் தடுக்கும். அந்த நம்பரை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. வரிசையை மாற்றி எழுதவுமில்லை. அப்படியே விட்டுவைத்த துறைக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். தினமும் இரண்டு முறை அவனை நினைத்தோம், வேறு வழியே இல்லாமல்.

படிப்பை முடிக்காதவனை முன்னாள் மாணவன் என்று எழுதலாமா என்று 40 கேட்டான். அவன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன், பதிவேடு விஷயத்தில் கறார். நானும் 8ஆம் நம்பரும் ஒரே குரலில் "எழுதலாம்" என்றோம். லிஸ்டில் முதல் பெயராக அவனைத்தான் எழுதினேன், போன வரிசைப்படி.

11 பேரில் கத்தோலிக்கர்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் இந்துக்கள், இரண்டு முஸ்லிம்கள். ஞானஸ்நானம் பெறாதவர்களின் பெயரை நடுப் பூசையில் வாசிப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். 8ஆம் நம்பர் தனக்குத் தெரிந்த சாமியார் ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போனான். எழுபது வயதுக்கு மேலிருக்கும், மெல்லிய குரல். அவர் என் கேள்வியைக் கேட்டுவிட்டு எழுந்துபோய் பூசைப் புத்தகத்தை எடுத்துவந்து ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன் வைத்தார். பூசையின் நடுவில் குரு சொல்லும் செபங்களில் ஒன்று, நான்காம் நற்கருணை மன்றாட்டு. 1960களில் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு சேர்த்தது என்றார். கிறிஸ்துவின் அமைதியில் இறந்தவர்களுக்காக வேண்டிவிட்டு அது அங்கே நிற்பதில்லை. எவருடைய நம்பிக்கையை இறைவன் ஒருவரே அறிவாரோ, அந்த இறந்தோர் அனைவரையும் நினைவுகூரும்படி கேட்கிறது.

"எல்லார்க்குள்ளயும் என்ன இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாதில்ல தம்பி? அவருக்குத் தெரியும். நாம பேரை மட்டும் சொன்னாப் போதும்" என்றார்.

நான் அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் எதை நம்பினான் என்று எனக்கும்தான் தெரியாது.

இனி 31 பற்றி. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

31 மணப்பாறைப் பக்கம். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து, கொரோனாவின் இரண்டாம் அலையில் போனவன். அவன் மனைவியின் நம்பர் கிடைத்தது. கூடப் படித்தவன் என்று சொன்னதும் அந்தம்மா அழவில்லை. "சொல்லுங்கண்ணே" என்றார். லிஸ்ட் விஷயத்தைச் சொன்னேன். சம்மதித்தார். நான் வைக்கப் போனபோது, "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? காலேஜ்ல அவரு எப்படி இருப்பாரு?" என்றார். "எங்களுக்குக் கல்யாணமானப்ப அவருக்கு முப்பது வயசு. அதுக்கு முன்னாடி எப்படி இருந்தாருன்னு சொல்ல மாமனார் மாமியாரும் இப்ப இல்ல. அவரா எதுவும் பேச மாட்டாரு. பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

எனக்கு நினைவுக்கு வந்ததைச் சொன்னேன். விடுதியிலிருந்து ராத்திரி சுவரேறிக் குதித்து மெயின்கார்டு கேட் பக்கம் செகண்ட் ஷோ போவான், திரும்பி வரும்போது தெப்பக்குளத்தெருவில் பால் வாங்கிக் குடித்துவிட்டு, விடியும் முன் படுக்கையில் இருப்பான், ஒரு தடவை கால் சுளுக்கி ஒரு வாரம் நொண்டினான். அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். பின்னால் மகனைக் கூப்பிட்டு, "இங்க வாடா, உங்கப்பா பண்ணுனதக் கேளு" என்று சொல்வது கேட்டது. போனை வைத்தபோது ஏதோ பெரிய கடனை அடைத்த மாதிரி எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

பூசை நவம்பரில் ஒரு சாயங்காலம் நடந்தது. நாங்கள் ஒன்பது பேர் வந்திருந்தோம், கடைசி இரண்டு பெஞ்சில். வழக்கமாக வருபவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள், கோயிலில் ஓரளவு கூட்டம். சாமியார் 11 பெயரையும் இனிஷியலோடு நிறுத்தி நிறுத்தி வாசித்தார். 19 பெயரை உச்சரிப்பு பிசகாமல் சொன்னார், முன்பே கேட்டுப் பழகியிருக்க வேண்டும். ‘நித்திய இளைப்பாற்றி’ என்று எல்லோரும் சேர்ந்து சொன்னபோது எனக்கு அந்தச் சொல்லே புதிதாகக் கேட்டது. இளைப்பாறுதல். வெயிலில் நடந்து வந்தவனைத் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுப்பது போல ஒரு சொல். முதலில் 23 பெயர் வாசிக்கப்பட்டபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த 24, அறுபது வயதுக்காரன், தன்னை அறியாமல் எழுந்து நின்றான். பிறகுதான் உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் 13 போன் செய்தான். மஸ்கட்டில் இருக்கிறான், வர முடியவில்லை. 31 வீட்டில் நான் சொன்னதை 8 சொல்லிக் கேட்டிருக்கிறான். "மாப்ளே, சுவரேறிக் குதிச்சது அவன் இல்லடா. நான். கால் சுளுக்குனது என் கால். இன்னும் மழைன்னா வலிக்குது."

என்னால் பதில் பேச முடியவில்லை. நினைத்துப் பார்க்கப் பார்க்க அவன் சொல்வதுதான் சரி. இருவரும் அடுத்தடுத்த அறை, இருவரும் ஒல்லி, இருவருக்கும் சுருட்டை முடி. நாற்பது வருஷத்தில் என் தலைக்குள் ஒருவன்மேல் இன்னொருவன் ஏறிவிட்டிருக்கிறான்.

"அப்ப 31 என்னடா செஞ்சான்?" என்றேன். 13 யோசித்துச் சொன்னான். மெஸ்ஸில் பரிமாறுகிறவர் ஒருவர் இருந்தார், எழுதப் படிக்கத் தெரியாது, ஊரில் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் தூங்கும்போது 31 அவரை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல இன்லேண்ட் லெட்டர் எழுதிக் கொடுப்பான். பதில் வந்தால் வாசித்துக் காட்டுவான். மூன்று வருஷமும். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, பக்கத்து அறையில் இருந்ததால் 13க்குத் தெரியும்.

இரண்டு நாள் யோசித்தேன். அந்தம்மா சிரித்த சிரிப்பு காதிலேயே இருந்தது. மகன் அதற்குள் நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பான். விட்டுவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவனுடைய அந்த மூன்று வருஷத்துக்கு எங்களை விட்டால் சாட்சி கிடையாது. வேறொருவனின் வாழ்க்கையை அவன் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு நான் எப்படித் தூங்க முடியும்?

போன் செய்தேன். "என்னங்கண்ணே, வேற ஏதாச்சும் ஞாபகம் வந்துச்சா?" என்று ஆசையாகக் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஆள் மாறிப்போனதைச் சொன்னேன். பிறகு கடிதம் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன், 13 சொன்ன அத்தனையும், ஒன்றும் சேர்க்காமல்.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"இதுதாங்கண்ணே அவரு" என்றார். "இங்க தெருவுல ரேஷன் கார்டு பாரம், முதியோர் பென்சன் மனு, எல்லாம் அவருதான் எழுதிக் குடுப்பாரு. திண்ணையில எப்பவும் யாராவது உக்காந்திருப்பாங்க." பிறகு சொன்னார்: "அன்னிக்கே எனக்குச் சந்தேகந்தான். அவருக்குச் சுவரேறத் தெரியாதேண்ணே. ஏணியில ஏறி பல்பு மாட்டவே நாந்தான் பிடிக்கணும்."